நடிப்பிலிருந்து தொலைக்காட்சி எழுத்துக்கும் ஸ்கிரிப்ட் எடிட்டிங்குக்கும்: முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு வருடம் நடித்தேன். முதலில் மேடை, பிறகு தொலைக்காட்சித் தொடர்கள். ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை எப்போதும் ஒன்றுதான்: மஞ்சள் ஹைலைட்டரை எடுத்து என் வசனங்களுக்கு மட்டும் கோடு போடுவது. மற்றவர்கள் பேசுவதை என் முறை எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளப் படித்தேன், அவ்வளவுதான். எழுத்துப் பக்கம் வந்த பிறகு, அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி அந்த ஹைலைட்டரைக் கீழே வைப்பது பற்றித்தான்.

நடிப்பு அனுபவம் எழுத்துக்கு உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். நிச்சயமாக உதவும். நடிகருக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவந்திருக்கிறது. மற்றப் பாதியைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

எடிட்டிங் என்றதும் படத்தொகுப்புதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. படத்தொகுப்பாளர் எடுத்து முடித்த காட்சிகளைக் கோக்கிறவர். ஸ்கிரிப்ட் எடிட்டர் இனி எடுக்கப் போகிற காட்சிகளைத் தாளிலேயே சரியாக்க உதவுகிறவர்.

இந்தப் பதவிப் பெயரே ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும். பிரிட்டனில் ஸ்கிரிப்ட் எடிட்டர் என்பது தனி வேலை. எழுத்தாளருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவில் நின்று, ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரைவையும், அதாவது டிராஃப்டையும், படித்து, குறிப்புகளைத் தொகுத்து, தொடர் முழுக்கக் கதை பிசகாமல் பார்த்துக்கொள்கிறவர். அமெரிக்காவில் ஸ்டோரி எடிட்டர் என்பது எழுத்தாளர்களின் ஏணியில் ஒரு படி. ஸ்டாஃப் ரைட்டர், அதற்கு மேல் ஸ்டோரி எடிட்டர், பிறகு எக்ஸிக்யூட்டிவ் ஸ்டோரி எடிட்டர், கோ-புரொடியூசர் என்று போய், மேலே எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசரில் முடியும். அங்கே ஸ்டோரி எடிட்டர் என்றால் கொஞ்சம் அனுபவம் சேர்ந்த எழுத்தாளர் என்று பொருள். வேலை தேடும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பித்தால் இரண்டு பக்கமும் நேரம் வீண்.

உங்களுக்கு எது பொருந்தும்? மற்றவர் எழுதியதைப் படிக்கும்போது "இந்த இடத்தில் ஏன் எனக்கு ஈடுபாடு விட்டுப்போனது?" என்று துருவத் தோன்றினால் எடிட்டிங். படித்த கையோடு "இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்" என்று கை பரபரத்தால் எழுத்து. பலர் இரண்டையும் மாறி மாறிச் செய்கிறார்கள். ஆனால் முதல் வேலைக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது.

படி 1: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வகுத்த நடிப்பு முறையில் பயிற்சி எடுத்த எந்த நடிகருக்கும் சில கேள்விகள் மனப்பாடம். இந்தக் காட்சியில் என் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? தடையைத் தாண்ட என்னென்ன செய்து பார்க்கிறது? காட்சி தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அது எங்கே இருந்தது? இதே கேள்விகள்தான் காட்சி எழுதவும் தேவை. பல எழுத்தாளர்கள் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்வதை நீங்கள் உடம்பால் கற்றிருக்கிறீர்கள். சொல்ல முடியாத வசனம் எது என்று உங்கள் நாக்குக்குத் தெரியும். காரணமில்லாமல் எழுந்து ஜன்னலருகே போகச் சொன்னால் கால் மறுக்கும் என்பதும் தெரியும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். நீங்கள் நடித்த பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை எடுங்கள். உங்கள் பாத்திரத்துக்கு அன்று பென்சிலில் எழுதிய குறிப்புகள் ஓரத்தில் இருக்கும். இப்போது அதே குறிப்புகளைக் காட்சியில் இருக்கும் மற்ற ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். கதவைத் திறந்துவிட்டு இரண்டு வரி பேசிவிட்டுப் போகும் வேலையாள் உட்பட. எனக்கு இதை முதலில் செய்தபோது வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் நடித்த ஒரு தொடரில் என்னுடன் தினமும் நின்ற அக்கா பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சரி, இல்லாதது எது? அமைப்பு. நடிகருக்குக் காட்சி தெரியும், எபிசோட் தெரியாது. படப்பிடிப்பு வரிசை மாறி நடப்பதால், காலையில் பிரிவையும் மாலையில் முதல் சந்திப்பையும் நடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். முழுக்கதை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை உணர வாய்ப்பே இல்லை. அடுத்த படி அதற்காக.

படி 2: எபிசோடைப் பிரித்துப் போடுங்கள்

ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தொடர்களில் ஒவ்வோர் எபிசோட் வேண்டாம், ஒரே தொடரில் பத்து எபிசோட் பாருங்கள். தொடர் என்பது ஒரே எந்திரம் வாரா வாரம் வேறு வேறு கதையை அரைப்பது. அந்த எந்திரத்தைப் பார்க்கக் குறைந்தது பத்து எபிசோட் தேவை.

நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள்: யார், என்ன வேண்டும், காட்சி முடியும்போது என்ன மாறியது, எத்தனையாவது நிமிடம். பிறகு முதன்மைக் கதை, இரண்டாம் கதை, சின்ன மூன்றாம் கதை என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். விளம்பர இடைவெளியோடு ஒளிபரப்பாகும் அமெரிக்கத் தொடர்களில் ஒரு மணி நேரம் என்று சொல்லப்படுவது உண்மையில் 42 முதல் 44 நிமிடம். அரை மணி நேரம் என்பது ஏறக்குறைய 22. ஒவ்வோர் இடைவெளிக்கும் சற்று முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பார்ப்பவர் எழுந்து போகாமல் இருக்க ஒரு திருப்பமோ கேள்வியோ அங்கே இருக்கும். விளம்பரமே இல்லாத ஸ்ட்ரீமிங் தொடர்களிலும் அந்த ஏற்றங்கள் பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் கவனிப்பீர்கள்.

"என்ன மாறியது" என்ற கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்காத காட்சிகள் வரும். அவற்றைச் சுழித்து வையுங்கள். எடிட்டராக உங்கள் முதல் கண்டுபிடிப்பு அதுதான்.

படி 3: மற்றவர் ஸ்கிரிப்டுக்கு அறிக்கை எழுதுங்கள்

எழுதத் தொடங்கும் முன் இதைச் செய்யச் சொல்கிறேன். நடிப்பிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தயாரிப்பு நிறுவனங்களுக்கும் போட்டிகளுக்கும் நாடகக் குழுக்களுக்கும் வந்து குவியும் ஸ்கிரிப்டுகளைப் படித்து அறிக்கை தர ஆட்கள் தேவைப்படுகிறார்கள். இதை ஸ்கிரிப்ட் ரீடர் வேலை என்பார்கள். அறிக்கையின் வடிவம் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். ஒரே வாக்கியத்தில் கதை. ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், எழுத்தாளர் மறைத்துவைத்த முடிவு உட்பட. அடுத்த ஒன்றிரண்டு பக்கத்தில் உங்கள் கருத்து. கடைசியில் தீர்ப்பு: வேண்டாம், யோசிக்கலாம், பரிந்துரைக்கிறேன்.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தெரிந்த எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்குங்கள். படமாக்கப்பட்ட பல தொடர்களின் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இருபது அறிக்கை எழுதிப் பாருங்கள். முதல் ஐந்து எழுதும்போது கதைச் சுருக்கமே வராது. நடந்ததையெல்லாம் "அப்புறம், அப்புறம்" என்று அடுக்கிக்கொண்டே போவீர்கள். பத்தைத் தாண்டியதும் எது முதுகெலும்பு, எது சதை என்று தெரியத் தொடங்கும். சுருக்கம் எழுத முடியாமல் திணறுகிற ஸ்கிரிப்டில் பெரும்பாலும் குறை ஸ்கிரிப்டில்தான் இருக்கும், உங்களிடம் இல்லை.

நடிகர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. நேராக வசனத்துக்குப் போய்விடுவோம். எனக்கு முதன்முதலில் ஒரு தோழி தன் ஸ்கிரிப்டைக் கொடுத்தாள். நான் மூன்று நாள் உட்கார்ந்து, கிட்டத்தட்ட எல்லா வசனத்தையும் "பேசுவதற்கு வசதியாக" மாற்றி எழுதிக் கொடுத்தேன். பெரிய உதவி செய்த நினைப்பு எனக்கு. அவள் நன்றி சொல்லிவிட்டு வெகுநாள் பேசவில்லை. அந்தக் கதையின் உண்மையான குறை, நாயகி எடுக்க வேண்டிய முடிவை அவள் அண்ணன் எடுத்துவிட்டது. அதை நான் பார்க்கவே இல்லை. தோழியின் வேலையையும் பிடுங்கிக்கொண்டு, செய்ய வேண்டிய என் வேலையையும் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வரிசை: முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதில்லை. இரண்டாம் வாசிப்பில் கதை மட்டும். யாருடைய கதை, என்ன வேண்டும், யார் முடிவெடுக்கிறார்கள், முடிவில் என்ன மாறுகிறது. மூன்றாவதில் பாத்திரங்கள். நான்காவதில் காட்சிகளின் வரிசையும் நீளமும். வசனம் கடைசியில். கதையிலேயே ஓட்டை இருக்கும்போது வசனத்தைத் திருத்துவது, இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பது போல.

படி 4: சின்னதாக எழுதுங்கள், மேடையில் கேளுங்கள்

நடிகர்களுக்கு இருக்கும் ஒரு பெரிய வசதி, எழுதியதை உடனே ஆள் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். நண்பர்கள் எல்லாரும் நடிகர்கள்தானே. பத்து நிமிடத்துக்கு ஒரு காட்சி எழுதி, ஒரு சிறு அறையில் இருபது பேர் முன்னால் போட்டுப் பாருங்கள். எங்கே இருமுகிறார்கள், எங்கே நாற்காலி சத்தம் கேட்கிறது என்பதைவிட நேர்மையான விமர்சனம் கிடைக்காது.

இப்படித் தொடங்கியவர்கள் பலர். பிரிட்டிஷ் நடிகை ஃபீபி வாலர்-பிரிட்ஜின் 'ஃபிளீபேக்' 2013-ல் எடின்பரோ நாடக விழாவில் அவர் ஒருவரே நடித்த மேடைப் படைப்பாக வந்தது, 2016-ல் தொலைக்காட்சித் தொடரானது. மைக்கேலா கோல் நடிப்புப் பள்ளியில் படிக்கும்போது தனக்காக எழுதிக்கொண்ட ஒரு தனி நாடகம் 2015-ல் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடராக மாறியது. மிண்டி கேலிங், அதாவது சொக்கலிங்கம் என்ற தந்தை பெயரைச் சுருக்கிக்கொண்டவர், 2002-ல் தோழியுடன் சேர்ந்து ஒரு சிறு நாடகம் எழுதி, அதில் ஆண் வேடமும் போட்டார். அந்த நாடகத்தைப் பார்த்தவர்தான் அவரை 'தி ஆபிஸ்' தொடரின் அமெரிக்க வடிவத்துக்கு எழுத அழைத்தார். வேலையில் சேரும்போது அவருக்கு வயது 24. எழுத்தாளர் குழுவில் அப்போது இருந்த ஒரே பெண் அவர்.

மூன்று பேருமே தங்களுக்கு வேடம் எழுதிக்கொண்டு தொடங்கினார்கள் என்பது உண்மை. தவறில்லை, செய்யுங்கள். ஆனால் உங்களுக்கு வேடமே இல்லாத ஒரு துண்டையும் கூடவே எழுதுங்கள். எழுத்தாளராக வேலை கொடுப்பவர் தேடுவது அந்த இரண்டாவது துண்டைத்தான்.

படி 5: மாதிரி ஸ்கிரிப்ட்

உங்கள் சொந்தக் கற்பனையில் ஒரு தொடரின் முதல் எபிசோட். இதுதான் உங்கள் அடையாள அட்டை. ஒரு மணி நேரத் தொடரென்றால் 50 முதல் 60 பக்கம், ஒற்றைக் கேமரா (சினிமா போலக் காட்சி காட்சியாக எடுக்கும்) அரை மணி நேர நகைச்சுவையென்றால் 30 பக்கத்தை ஒட்டி. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு. தமிழில் எழுதும்போது எழுத்தின் அகலம் வேறு என்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உரக்கப் படித்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைனல் டிராஃப்ட், ரைட்டர்டூயட் போன்ற மென்பொருள்கள் வடிவத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

வசனம் எழுதத் தொடங்கும் முன் ஒரு பக்கச் சுருக்கம், பிறகு காட்சிவாரியான கதைத் திட்டம், அதாவது அவுட்லைன். நடிகர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. நேராகப் பாத்திரங்களைப் பேச விட்டால் எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று தோன்றும். பேசும், அழகாகவே பேசும், ஆனால் நாற்பதாம் பக்கத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். அவுட்லைனுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் டிராஃப்ட் பத்து நாளில் வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

டிராஃப்ட் முடிந்ததும் நடிகர்களைக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்காதீர்கள். என் முதல் மாதிரி ஸ்கிரிப்டின் வாசிப்பில் நாயகி பாகத்தை நானே படித்தேன். கடைசிக் காட்சியில் இருவர் கண்ணில் நீர். அந்த நம்பிக்கையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பல இடங்களுக்கு அனுப்பினேன், எதுவும் நடக்கவில்லை. ஒரு வருடம் கழித்து வேறொருவர் அதே காட்சியைப் படிக்கக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. தாளில் ஒன்றுமே இல்லை. எழுத்தில் இருந்த ஓட்டையை நான் நடிப்பால் அடைத்திருந்தேன். தேர்வு செய்பவர் மேசையில் போய்ச் சேர்வது தாள் மட்டும்தான்.

திருத்தும்போது உங்கள் நடிகர் காது பெரிய துணை. ஒரு சிறு உதாரணம். தந்தை இறந்து மூன்று மாதம் கழித்து வீட்டைக் காலிசெய்ய வருகிறார்கள் அண்ணனும் தம்பியும். முதல் டிராஃப்ட் இப்படி இருக்கலாம்:

அண்ணன்: நீ என் மேல கோவமா இருக்கேன்னு தெரியும்டா. ஆனா வீட்ட வித்துத்தான் ஆகணும்.
தம்பி: ஆமா, கோவம்தான். அப்பா கடைசி ரெண்டு வருஷம் படுத்துக் கிடந்தப்ப நீ ஒரு தடவகூட வரல.

இரண்டு பேரும் மனதில் இருப்பதை அப்படியே வெளியே கொட்டுகிறார்கள். நடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. இப்போது இப்படி:

அண்ணன்: அலமாரிச் சாவி எங்கடா?
தம்பி: ஃபிரிட்ஜ் மேல.
அண்ணன்: ஃபிரிட்ஜ் மேலயா? அப்பா எப்பவும் மேஜை டிராயர்லதான வெப்பாரு?
தம்பி: குனிய முடியலன்னு மாத்திட்டாரு. ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே.

அண்ணன் இரண்டு வருடமாக வரவே இல்லை என்ற தகவல் இங்கேயும் இருக்கிறது. கோபம் என்ற சொல்லே இல்லை, ஆனால் கடைசி வரியைப் படிக்கும் எந்த நடிகருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இந்த மாற்றத்தைச் செய்ய உங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தேவையில்லை. முதல் வடிவத்தை உரக்கப் படித்தாலே உங்களுக்கு உள்ளுக்குள் உறுத்தும்.

எத்தனை டிராஃப்ட்? 'ஐ மே டிஸ்ட்ராய் யூ' தொடருக்குத் தான் 191 டிராஃப்ட் எழுதியதாக மைக்கேலா கோல் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஆறோ ஏழோ போதுமாக இருக்கலாம். ஒன்று போதாது.

படி 6: கதவைத் தட்டுவது

நீங்கள் நடித்துக்கொண்டிருக்கும் தொடரே மிக நல்ல கதவு. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் விக்டர் பெம்பர்டன். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1967 தொடக்கத்தில் ஒளிபரப்பான ஒரு கதையில் சின்ன வேடத்தில் நடித்தார். அதே ஆண்டு அதே தொடரின் இன்னொரு கதைக்கு ஸ்டோரி எடிட்டராக உட்கார்ந்தார். 1968-ல் அதே தொடருக்கு ஆறு பாகக் கதை ஒன்றை எழுதினார். நடிகர், எடிட்டர், எழுத்தாளர் மூன்றும் ஏறக்குறைய ஒரு வருட இடைவெளிக்குள். அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை, அதற்கு முன்பே வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கையில் எழுத்து இருந்ததால்தான் பக்கத்தில் திறந்த கதவு பயன்பட்டது.

லிண்டா லா பிளான்ட்டும் அப்படித்தான். லிண்டா மார்ஷல் என்ற பெயரில் போலீஸ் தொடர்கள் உட்படப் பலவற்றில் நடித்துக்கொண்டிருந்தவர், 1983-ல் கொள்ளையர்களின் மனைவிகளைப் பற்றி 'விடோஸ்' எழுதினார், 1991-ல் 'பிரைம் சஸ்பெக்ட்' எழுதினார். அமெரிக்காவில் டேனி ஸ்ட்ராங் பல தொடர்களில் துணைப் பாத்திரமாக வந்தவர். 2008-ல் தேர்தல் மறு எண்ணிக்கை பற்றிய தொலைக்காட்சிப் படத்தின் எழுத்தாளராக எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார், 2012-ல் அடுத்த அரசியல் படத்துக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். வயதாகிவிட்டது என்று தயங்குகிறவர்களுக்கு: பிரிட்டனின் ஜூலியன் ஃபெலோஸ் அதுவரை நடிகராகவே பெரும்பாலும் அறியப்பட்டவர், திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கும்போது அவருக்கு வயது 52.

எப்படிக் கேட்பது? செட்டில் இடைவேளையில் இயக்குநர் காதில் "எனக்கும் எழுத வரும்" என்று சொல்வது பயன்படாது. அந்தத் தொடரின் எழுத்தாளரிடமோ ஸ்கிரிப்ட் எடிட்டரிடமோ ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள்: "போன வாரம் அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" வேலையை மதித்துக் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மறுப்பதில்லை. அப்புறம், எழுத்துக் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அப்புறம்தான் உங்கள் மாதிரி ஸ்கிரிப்ட். அந்தத் தொடருக்கே எழுதிய கதையை நீட்டாதீர்கள். சொந்தத் தொடரைக் காட்டினால் படிப்பார்கள்.

உள்ளே நுழையும் சின்ன வேலைகளையும் ஒதுக்காதீர்கள். எழுத்தாளர்களின் உதவியாளர் (எழுத்தாளர்கள் கூடிக் கதை பேசும் அறையில் சொல்லப்படுவதையெல்லாம் குறித்து வைப்பவர்), ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டர் (டிராஃப்டுகளைச் சரிபார்த்து அனுப்புகிறவர்), ரீடர். நேற்றுவரை கேமரா முன்னால் நின்றவருக்கு நோட்டெடுக்கும் வேலை கூச்சமாக இருக்கும். ஆறு மாதம் நோட்டெடுத்தால் ஒரு சீசன் எப்படிப் பிறக்கிறது என்று முழுக்கத் தெரிந்துவிடும்.

படி 7: எழுத்தாளர் அறையில்

நடிகர்கள் அறைக்குள் கொண்டுவரும் நல்ல பழக்கம், கதையைச் சொல்லாமல் நடித்துக் காட்டுவது. இதைத் தாராளமாகச் செய்யுங்கள். தாளில் சப்பென்று இருந்த காட்சி எழுந்து நிற்கும். கெட்ட பழக்கமும் ஒன்று உண்டு: ஏதோ ஒரு பாத்திரத்தைத் தன்னுடையதாகத் தத்தெடுத்துக்கொண்டு, அதற்கு யாராவது அநியாயம் செய்தால் சண்டைக்குப் போவது. பாத்திரத்துக்கு வக்கீலாக இருப்பது நடிகரின் கடமை. அறையில் நீங்கள் கதையின் பக்கம். என் ஹைலைட்டர் பழக்கம் இங்கேதான் கடைசியாக ஒழிந்தது. எனக்கு மிகப் பிடித்த பாத்திரத்தைக் கொல்லலாம் என்று நானே சொல்லி, அது சரியாக வேலை செய்த நாளில்.

உங்கள் யோசனை எடுபடாவிட்டால் ஒருமுறை விளக்குங்கள், பிறகு விடுங்கள். மறுப்பு நடிகருக்குப் புதிதில்லை. ஆடிஷனில் வாங்கிய அடிகள் இங்கே உதவும்.

படி 8: எடிட்டர் நாற்காலியில்

குறிப்பு கொடுப்பது தனிக் கலை. எழுத்தாளருக்குத் தீர்வைக் கொடுக்காதீர்கள், எங்கே தடுக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். "அவள் இங்கே அழ வேண்டும்" என்பது தீர்வு. "இருபதாம் பக்கத்தில் அவள் தந்தையை மன்னித்துவிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை" என்பது குறிப்பு. இரண்டாவதைக் கேட்ட எழுத்தாளர் நீங்கள் நினைத்தே பார்க்காத வழியில் அதைச் சரிசெய்வார். எது வேலை செய்கிறது என்பதையும் பக்க எண்ணோடு சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருத்தும் அவசரத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்.

இன்னொரு கடமை, வடிகட்டுவது. தயாரிப்பாளர், சேனல், இயக்குநர் எல்லாரும் தனித்தனியாகக் குறிப்பு அனுப்புவார்கள், ஒன்றுக்கொன்று முரணாக. அவற்றை அப்படியே எழுத்தாளருக்கு அனுப்பினால் அவர் உடைந்துபோவார். சேனல் "வேகம் போதாது" என்று சொல்லும், இயக்குநர் "நாயகன் மேல் அக்கறை வரவில்லை" என்பார். பெரும்பாலும் இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகம். நாயகனுக்கு என்ன வேண்டும் என்பது தாமதமாகத் தெரிகிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து எழுத்தாளரிடம் கொண்டுபோவதுதான் உங்கள் திறமை.

மீதி வேலை நிர்வாகம், அலுப்பானது, ஆனால் தவறவே கூடாது. படப்பிடிப்பு ஸ்கிரிப்ட் வெளியானதும் காட்சி எண்கள் பூட்டப்படும். 23-க்குப் பிறகு புதுக் காட்சி சேர்த்தால் அது 23ஏ. எடுத்துவிட்ட காட்சியின் எண் "நீக்கப்பட்டது" என்று அப்படியே நிற்கும். திருத்திய பக்கங்கள் வெள்ளைக்குப் பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாறி வரும். அந்த நிறப் பக்கங்களை வாங்கிச் சலித்துக்கொண்டவர்தானே நீங்கள், நள்ளிரவில் அவை ஏன் வந்தன என்பது இப்போது புரியும். கதையில் வரும் பெயர்கள் உண்மையான யாரையாவது குறித்துவிடுமா என்ற சரிபார்ப்பும், சென்ற எபிசோடில் இடது கையில் கட்டுப் போட்டவர் இப்போது எந்தக் கையால் கதவைத் திறக்கிறார் என்பதும் உங்கள் பொறுப்புதான்.

படி 9: பணம், பெயர், உரிமை

நடிப்பை ஒரே நாளில் விட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஓரிரு வருடம் வருமானம் ஏறி இறங்கும், அதற்குச் சேமித்து வையுங்கள். எழுத்து வேலையும் நிலையானதில்லை. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த காரணங்களில், எழுத்தாளர் அறைகள் சுருங்கிக்கொண்டே வந்ததும் ஒன்று. முடிவில் வந்த ஒப்பந்தம், எபிசோட் எண்ணிக்கையைப் பொறுத்து அறையில் குறைந்தது எத்தனை எழுத்தாளர் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

ஒவ்வொரு டிராஃப்டையும் தேதியோடு சேமியுங்கள். யார் பெயர் திரையில் வர வேண்டும் என்ற சிக்கல் வந்தால் பேசுவது டிராஃப்டுகள்தான். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் டிராஃப்டுகளைப் படித்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறது. எடிட்டராக நீங்கள் நிறைய வரிகளைச் சரிசெய்திருந்தாலும் எழுத்தாளர் பெயரில் பங்கு கிடைக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அது மனதை அரிக்கிறதென்றால் எழுத்து நாற்காலிக்கு மாறுவதே நல்லது.

சொந்தப் படைப்பை விற்கும்போது உரிமைப் பகுதியை வக்கீலை வைத்துப் படியுங்கள். நடிகர் ஒப்பந்தத்தில் இல்லாத விஷயம் இது. மைக்கேலா கோல், தன் தொடரின் உரிமையில் சிறு பங்கைக்கூடத் தன்னிடம் விடாத ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர் பேரத்தை மறுத்தார். எல்லாராலும் அப்படி மறுக்க முடியாது. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போட எல்லாராலும் முடியும்.

படி 10: மறுபடியும் செட்டில்

எடிட்டராக முதன்முதலில் செட்டுக்குப் போகும் நாளில் ஒன்று நிச்சயம் நடக்கும். ஒரு நடிகர் உங்களிடம் வந்து, "இந்த வரி என் பாத்திரம் பேசாது, மாற்ற முடியுமா?" என்பார். நீங்கள் எத்தனையோ முறை கேட்ட அதே கேள்வி. உடனே சரி என்று சொல்லத் தோன்றும், ஏனென்றால் அந்த இடத்தில் நின்றவர் நீங்கள். சொல்லாதீர்கள். மறுத்தும் விடாதீர்கள். "இந்த இடத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

பாதி நேரம், பதில் சொல்லும்போதே அவருக்கு வரி பிடிபட்டுவிடும். மீதிப் பாதியில், இரண்டு காட்சிக்கு முன்னால் நாம் வெட்டிய ஏதோ ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார். அப்போது எழுத்தாளரைக் கூப்பிட்டு, மூன்று பேரும் நின்று, அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவர் கையிலிருக்கும் ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தால் அவர் வசனங்களுக்கு மட்டும் கோடு போட்டிருக்கும். பக்கத்தைத் திருப்பி, கோடு போடாத வரியை விரலால் காட்டுங்கள்.